அசல் வீட்டை விட்டுப் போகாது

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'மில்லிமீட்டர்'. லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் மற்றவர்கள், "போதும்பா, யாரு அளக்கப் போறா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மறுபடி மாடியேறி மோட்டார் அறைக்குள் புகுந்துகொள்வார். கேலிக்கு வைத்த பெயரைப் பட்டம் கொடுத்ததாக எடுத்துக்கொண்ட மனிதர். இவரிடம் போய் என்னத்தைச் சொல்ல?

கல்யாணமான இரண்டாம் வருஷம், லிஃப்ட் பார்க்கப் போன ஒரு ஹோட்டலில் கழித்துப்போட்ட கேசட் டெக் ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து வந்தார். பணக்கார வீட்டு வரவேற்பறையில் மட்டும் பார்க்கக் கிடைக்கிற ரகம். முன்பக்கம் முழுக்க அலுமினியம், சத்தத்தின் அளவைக் காட்டும் இரண்டு முள் மீட்டர், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம்.

"என்னங்க இது, இரும்புப் பெட்டியா?" என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்! சாதா டெக்குல பதியறதும் பாடறதும் டேப்பை உரசற ஒரே காந்தம், ஒரே ஹெட். இதுல அழிக்க ஒண்ணு, பதிய ஒண்ணு, பாட ஒண்ணு. நீ பேசப் பேசவே டேப்புல எப்படி விழுந்திருக்குன்னு கேட்டுடலாம்."

"நான் பேசறதை நானே வேற கேக்கணுமா? நீங்க ஒருத்தர் கேட்டாலே போதும்."

அவர் அசரவில்லை. டேப்பை இரண்டு பக்கமும் உருளைகள் பிடித்து இழுப்பதால் நீண்ட ராகம்கூட நடுங்காது என்றார். டேப்பின் ரகத்துக்கு ஏற்பப் பதிவைத் திருத்த ஒரு குமிழ் இருக்கிறது என்றார். அது இருந்தால்தான் 'ச'வும் 'ஸ'வும் கூர்மையாக விழுமாம். அவள் பாதியிலேயே சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் சுவரிடம் சொல்லி முடித்தார்.

அந்த வருஷம்தான் அவளுடைய அக்கா கடல் தாண்டிக் குடியேறினாள். போனில் பேசினால் மூன்று நிமிஷத்தில் முடித்தாக வேண்டும். அந்த அக்கா தங்கைக்கு மூன்று நிமிஷம் தொண்டையைக் கனைக்கவே போதாது. ஆகவே கேசட்டில் பேசி அனுப்புவது என்று முடிவாயிற்று. மனைவி மைக்கின் முன்னால் உட்காருவாள். மெக்கானிக் மீட்டர் முன்னால் உட்காருவார்.

"கிட்டப் போகாதே, முள்ளு சிவப்புக்குப் போகுது."

"முள்ளு எங்க போனா எனக்கென்ன? நான் எங்க அக்காகிட்ட பேசறேன், உங்க முள்ளுகிட்டயா?"

இதுவும் சேர்ந்தே பதிவாகும். பேசி முடித்ததும் சாதாரண டேப் ரெக்கார்டர் ஒன்றில் நகல் எடுத்து, நகலைத்தான் தபாலில் அனுப்புவார். அசல் வீட்டை விட்டுப் போகாது, அது அவர் சட்டம். "அக்காவுக்கு நகல், அலமாரிக்கு அசலா? பைத்தியமா உங்களுக்கு?" என்று அவள் கத்தியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பதினொரு வருஷத்தில் நாற்பத்திரண்டு கேசட் சேர்ந்தது. பிறகு போன் பேச்சு மலிந்தது. டெக் ஒரு துணிக்கு அடியில் தூங்கப் போயிற்று.

பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போனார்கள். அறுபதை நெருங்கும்போது மனைவியின் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் கையில் ஒரு எழுதுபலகை. அதற்கும் பழகிக்கொண்டாள், கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும், அடுத்த அறையிலிருந்தே அவர் படித்துவிடலாம். அவர்கள் இருவருக்குள் ஒன்றும் குறையவில்லை.

குறை அக்காவிடம்தான். சர்க்கரை வியாதியில் அவளுக்குக் கண் போய்விட்டது. இவளால் பேச முடியாது, அவளால் படிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா போனில் தனியாகப் பேசுவாள். இவள் நகத்தால் போனைத் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. எழுதினால் படித்துக் காட்டும் போன் குரலையும் போட்டுப் பார்த்தார்கள். "யாருடி இவ, செய்தி வாசிக்கிறவளா? என் தங்கச்சியைக் கூப்பிடு!" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மணிக்கணக்கான பேச்சு கால் மணியாயிற்று. அப்புறம் ஒருநாள், "நான் மட்டும் எவ்வளவுதாண்டி பேசறது?" என்று நாலே நிமிஷத்தில் முடித்துக்கொண்டாள். மனைவி வெறும் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு உறவும் அறுந்தால் இவள் உடைந்துபோவாள் என்று மெக்கானிக்குக்குத் தெரியும்.

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சி மையத்தில் இருந்த பெண்ணிடம் போய்ப் புலம்பினார். அவள் சொன்னாள்: "உங்க வீட்டம்மா முன்னாடி பேசின பதிவு ஏதாவது இருக்கா சார்? தெளிவா அரை மணி நேரம் இருந்தா போதும். கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கத்துக்கும். அப்புறம் அவங்க எழுத எழுத, அவங்க குரல்லயே பேசும்."

"அரை மணி நேரமா? என்கிட்ட முப்பது மணி நேரம் இருக்கும்மா!" மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

டெக்கைத் திறந்தார். பெல்ட் உருகித் தாராகி ஒட்டிக்கிடந்தது. வழித்தெடுத்துப் புதிது போட்டார், உருளைகளை மாற்றினார், ஹெட்டுகளைத் துடைத்தார். அதோடு விட்டிருந்தால் அவர் மில்லிமீட்டர் இல்லையே! பதியும் ஹெட்டும் பாடும் ஹெட்டும் ஒரே கூட்டில் இருந்தன. அந்தக் கூடு நேராக நிற்கிறதா என்று பார்க்க அளவுக் கேசட் ஒன்றை வரவழைத்து ஓட்டினார். கோணல்! "அந்த ஹோட்டல்ல எவனோ நோண்டியிருக்கான்" என்று திட்டிக்கொண்டே, பக்கத்துத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நேராக்கி, அசையாமல் இருக்க மேலே ஒரு சொட்டு நகப்பூச்சும் வைத்தார்.

பிறகு மனைவியை உட்காரவைத்து முதல் கேசட்டைப் போட்டார். வந்தது குரலா அது? போர்வைக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் ஒரு முனகல். அடுத்த கேசட்டும் அப்படியே. பத்துக் கேசட் போட்டும் அப்படியே. மையத்துப் பெண்ணுக்கு அனுப்பியதற்கு, "சாரி சார், 'ச'வே கேக்கல. இதை வெச்சுச் செஞ்சா கம்ப்யூட்டரும் முனகத்தான் செய்யும்" என்று பதில் வந்தது.

டேப் செத்துவிட்டது என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி பலகையைத் தூக்கிக் காட்டினாள்: 'எதையாவது நோண்டினீங்களா?'

"நோண்டலம்மா. கோணலா இருந்ததைச் சரி பண்ணினேன், அவ்வளவுதான்."

எழுத்து பெரிதாயிற்று: 'சரி பண்றதுக்கு முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே வைங்க.'

"உனக்குப் புரியாது. இப்பதான் இது சரியா இருக்கு" என்று ஆரம்பித்தவர், ரோஷத்தில் இதுவரை சாதா ரெக்கார்டரிலேயே கேட்டுவந்த, கடையில் வாங்கிய பழைய பாட்டுக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். எல்லாம் கணீரென்று பாடின. "பாத்தியா?" ஒன்றே ஒன்று மட்டும் முனகியது. டெக்கை வாங்கிய அன்று, கேட்டுப் பார்க்க முதன்முதலாகப் போட்ட கேசட் அது.

அவருக்கு வியர்த்துவிட்டது. நோண்டியது ஹோட்டல்காரன் இல்லை. அன்றைக்கு அந்தக் கேசட் மங்கலாகக் கேட்கிறதே என்று, அது பளிச்சென்று ஆகும்வரை திருகாணியைத் திருப்பியது இவர்தான். கேசட்டே கோணலாகப் பதிந்து வந்திருக்கிறது. அதற்காக டெக்கையும் கோணலாக்கி, அந்தக் கோணலிலேயே பதினொரு வருஷம் மனைவியின் பேச்சைப் பதிந்திருக்கிறார். கோணலாகப் பதிந்தது கோணலில்தானே பாடும்?

"நான்தாம்மா" என்றார். "நான்தான் கெடுத்தேன். இவ்வளவு நாளும் கோணலை வெச்சுக்கிட்டுப் பெருமை பேசியிருக்கேன்."

அவள் தோள் குலுங்கியது. சத்தமில்லாவிட்டாலும் சிரிப்பு சிரிப்புதான்.

நகப்பூச்சைச் சுரண்டி எடுத்தார். தெரிந்தே ஒன்றைக் கோணலாக்குவது அவருக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கேசட்டை ஓடவிட்டுத் திருகாணியை மெல்லத் திருப்பினார். முனகல் தெளிந்தது. 'க' வந்தது, 'த' வந்தது, கடைசியில் 'ச' வந்தது. "அக்கா, சொல்றதைக் கேளு" என்றாள் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அந்த அறையில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. மெக்கானிக் விக்கி விக்கி அழுதார். மனைவியும் அழுதுகொண்டே எழுதினாள்: 'நான் இவ்வளவு கத்தியா பேசினேன்?'

"இதைவிட!" என்றார்.

இரண்டு மாதத்தில் குரல் தயாராயிற்று. "நடுநடுவுல வர்ற உங்க குரலை வெட்டி எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு சார்" என்று மையத்துப் பெண் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். அச்சு அசல் அவள்தான் என்று சொல்ல முடியாது. இந்தக் குரல் நிதானமாகப் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். "என்னடி, சாப்பிட்டியா?"

மனைவி எழுதினாள். குரல் சொன்னது: "சாப்பிட்டேன்க்கா. நீ மாத்திரை போட்டியா?"

"யாரு பேசறது?" என்றாள் அக்கா.

"நான்தான். வேற யாரு உன்னை மாத்திரை போட்டியான்னு கேக்கப் போறா?"

அக்கா ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இருடி, வெச்சுடாதே. ரெண்டு வருஷமா நானே பேசிப் பேசி வாய் ஓஞ்சுபோச்சு. இனி நான் வாயைத் திறக்கல. நீ பேசு" என்றாள்.

மனைவி ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தினாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அக்காவுக்குப் பொறுமை போய் வைத்துவிடுவாளோ என்று மெக்கானிக் பதறினார். வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாத அந்த அக்கா, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, தங்கையின் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.