மூன்று பெயர்களும் ஓர் அட்டையும்

எனக்குச் சங்கங்கள் என்றாலே அலர்ஜி. ரொறன்ரோத் தமிழர்களுக்கு ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், அது உடைந்து பிறந்த இன்னொரு சங்கம் என்று எதற்கும் குறைவில்லை. தலைவர் தெரிவு நாளில் கதிரை பறந்ததை என் கண்ணால் பார்த்த பிறகு இனி எதிலும் சேருவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அப்படிப்பட்ட நான் ஒற்றைக்காலில் நின்று சேரப் பார்த்த ஒரே சங்கம் பேஸ்போல் எழுத்தாளர் சங்கம்.

நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கும் அதன் இணையத்தளத்துக்கும் பேஸ்போல் எழுதுகிறேன். அதுதான் என் முழுநேர வேலை. கலியாண வீடுகளில் இதைச் சொன்னால், "அது சரி, வேலை என்ன செய்யிறியள்?" என்று திரும்பக் கேட்பார்கள். நகரின் ஓரத்தில் இருக்கும் மல்வேர்னில் பஸ் ஏறி, ரயில் மாறி, எங்கள் மைதானத்தில் நடக்கும் ஆட்டம் ஒன்றையும் விடாமல் போகிறேன். ஆனால் சங்கத்தின் அட்டை இல்லாதவருக்கு அன்றன்றைக்கு ஒரு பாஸ் மட்டும்தான். அதில் பத்திரிகையின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இடம் இருந்தால்தான் அதுவும். கோடை முழுவதும் தாராளமாக இடம் இருந்தது. இலையுதிர் காலத்தில் எங்கள் ரொறன்ரோ அணி பிளேஓப் எனும் இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குத் தெரிவானதும், மன்னிக்கவும், இடமில்லை என்றார்கள்.

வருடம் முழுக்கப் பின்தொடர்ந்த அணியின் மிக முக்கியமான ஆட்டங்களை வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்து எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரரும் அதே தொலைக்காட்சியைத்தான் பார்த்தார். அவர் எழுதவில்லை, நான் எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தச் சூட்டிலேயே சங்கத்துக்கு விண்ணப்பித்தேன்.

விண்ணப்பத்தோடு உங்கள் பெயரில் வெளிவந்த கட்டுரைகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் வில்லங்கம். என் பெயரில் ஒரு கட்டுரைகூட வெளிவந்ததில்லை.

எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கொள்கை உண்டு. "ஒரே பெயர் எல்லாப் பக்கத்திலையும் வந்தால் பேப்பரிலை ஆளில்லை எண்டு சனத்துக்கு விளங்கிப்போகும்" என்பார். ஆகவே நான் மூன்று பேராக எழுதினேன். ஆட்ட விவரம் எழுதுபவர் ஓர் ஊர்ப்பெயரில் ஒளிந்திருந்தார். கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்குப் பேஸ்போலைப் பொறுமையாக விளக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். மூன்றாமவர் ஒரு சிடுமூஞ்சி. அவருக்கு அணியில் யாரையும் பிடிக்காது. உண்மையைச் சொன்னால், அவராக எழுதும்போதுதான் எனக்குக் கை ஓடும். தமிழில் எழுதுகிற எவருக்கும் இது புதினமில்லை. புனைபெயர் இல்லாதவரைத்தான் நாங்கள் விநோதமாகப் பார்ப்போம். மூவரின் கட்டுரைகளையும் அனுப்பி, எல்லாம் நான்தான் என்று ஒரு குறிப்பும் வைத்தேன்.

இந்த மூவருக்கும் மைதானத்திலேயே ஒரு வாசகர் இருந்தார். எழுத்தாளர்கள் இருக்கும் மேல்மாடிக்குப் போகும் லிஃப்டில் பாஸ் பார்த்து ஏற்றிக்கொண்டுபோகிற தமிழ் அண்ணை. பாஸில் பத்திரிகையின் பெயரைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு என்னிடம் சொல்ல முறைப்பாடு இருந்துகொண்டே இருந்தது. என்னை அவர் செய்தி சேகரிக்க வரும் யாரோ ஒரு பெண் என்று நினைத்திருந்தார்.

"தங்கச்சி, உங்கடை பேப்பரிலை உந்தச் சிடுமூஞ்சி எழுதுறாரே, அவருக்கு பேஸ்போல் தெரியுமோ? கடைசி இன்னிங்ஸிலை பந்தெறியிற பிட்சர் முடிஞ்சு போனாராம். ஆர் முடிஞ்சது? விளக்குமாத்தாலை ரெண்டு போடவேணும் உவருக்கு!"

"சொல்லிவிடுறன் அண்ணை."

"மற்றவா எழுதுறா, அது எழுத்து. எனக்கு உந்த விளையாட்டு விளங்கினதே அவவாலைதான்."

அண்ணையின் கணிப்புகள் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் குரல் மட்டும் குறையாது. பெரிய பத்திரிகைக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, நாங்கள் இருவரும் மேல்மாடிவரை தமிழில் மல்லுக்கட்டுவோம்.

வசந்தத்தில் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை என்னை அழைத்தது. மைதானத்தில் ஒரு சிறிய அறை. கிளைத் தலைவியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அவர்களில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவருக்கு என்னைப் பற்றி நல்ல சந்தேகம் இருந்தது. என் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, இது யார், இது யார் என்று கேட்டார். நான், நான் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"தமிழ் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, அது எங்கள் குறை," என்றார். "ஆனால் இந்தச் சங்கத்தில் யார் இருக்கலாம் என்பதற்கு எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. நன்றாக எழுதுபவர் பலர் உண்டு. ஒருவரைத் திட்டி எழுதிவிட்டு, அடுத்த நாள் அவர் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் வந்து நிற்பவர்தான் எனக்கு எழுத்தாளர். உங்களை யார் கேள்வி கேட்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. அட்டை கையை விட்டுப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது தலைவி சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார். "லிஃப்டில் ஒருவர் தினமும் உங்களோடு சண்டை பிடிக்கிறாரே, அது எதைப் பற்றி?"

நான் விளக்குமாறு உட்பட எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என் கட்டுரைக்கு யாரும் இப்படிக் கத்தி எத்தனையோ காலமாகிறது," என்றார் தலைவி. அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்கு அது தேனாக இனித்தது.

தாடிக்காரர் விடவில்லை. "அந்தச் சிடுமூஞ்சி நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் நீங்கள் இன்னும் அவர் முன்னால் நிற்கவில்லை." என் கட்டுரைகளை ஒன்றாக அடுக்கி வைத்தார். "இனிமேல் உங்கள் சொந்தப் பெயரில் எழுதுவீர்களானால், என் கை உங்களுக்காக உயரும்."

எழுதுகிறேன் என்றேன். அவருடைய கைதான் முதலில் உயர்ந்தது.

ஆசிரியரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூண்டு பேரையும் ஒரேயடியாய்க் கொல்லப்போறீரோ?" என்றார். கடைசியில், பேப்பரில் உண்மையாகவே ஓர் ஆள் இருப்பதும் நல்லதுதான் என்று தன்னைத்தானே ஆறுதல்படுத்திக்கொண்டார்.

அட்டை தபாலில் வந்த நாள் எனக்கு அழுகை வந்தது. என் படம், அதன் கீழே என் பெயர். கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன். தாடிக்காரரின் கேள்விக்கு முன்னால்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. நல்ல காலம், லிஃப்டில் வேறு யாரும் இல்லை.

அண்ணை அட்டையைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்.

"உந்தப் பெயரிலை உங்கடை பேப்பரிலை ஒருத்தரும் எழுதுறேல்லையே, தங்கச்சி."

"இனி எழுதுவன் அண்ணை. மற்ற மூண்டு பேரும் நான்தான்."

அவர் பொத்தானை அமத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளங்கப்படுத்துறவா?"

"நான்தான்."

"அப்ப அந்தச் சிடுமூஞ்சி?"

"ஓம் அண்ணை. அதுவும் நான்தான்."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. கோபமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இனி இந்த லிஃப்டில் பேச்சே இருக்காது என்று நினைத்து, அட்டையைப் பெயர் தெரியாதபடி திருப்பி நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். அண்ணை பொத்தானை அமத்தினார். கதவு மூடியது. மேலே போகத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"முதல்லை அட்டையைத் திருப்பிப் போடுங்கோ. பெயர் வெளியிலை தெரியவேணும், அது இஞ்சத்தைச் சட்டம்," என்றார். நான் திருப்பிப் போட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப சொல்லுங்கோ, என்ன துணிவிலை அந்தப் பிட்சர் முடிஞ்சு போனார் எண்டு எழுதினனீங்கள்?"