‘ஏன்’ என்றால் அடி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ‘ஏன்’ என்பது கேள்வி இல்லை. அடிக்கு முன்னால் வரும் சத்தம்.

எங்கள் மடுல்சீமைத் தோட்டத்தில் ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு, ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் நேரத்துக்கு, அப்பா பிந்திப் போனார். “ஏன்டா லேட்டு?” என்றார் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. “ரோட்டுலங்க...” என்று அப்பா வாயைத் திறந்ததும் தடி இடது காதில் விழுந்தது. அந்தக் காது அன்றோடு செத்தது. அதன்பிறகு வீட்டில் அப்பா ‘ஏன்’ என்று கேட்டு நான் காரணம் சொன்னால் உதைதான். பன்னிரண்டு வயதில் முன்பல் ஒன்று போனது. “தெரியாம செஞ்சிட்டேங்க” என்று தலையைக் குனிந்தால் தப்பலாம். நான் பிழைக்கத் தெரிந்தவன், சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

பிறகு பதுளை டவுனில் கணினி படித்தேன். மழை எச்சரிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பும் இலவசச் செயலி ஒன்று இருந்தது. அதன் நிரலை யாரும் திருத்தி அனுப்பலாம்; பொறுப்பாளர் ஏற்றால் சேர்ப்பார்கள். தமிழ்ச் செய்திகள் அதில் பாதியில் அறுந்தன. ‘மண்சரிவு அபாயம், உடனே’ என்பதோடு நின்றுவிடும். உடனே என்ன செய்வது, சாவதா? எங்கள் லயம் சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. இரண்டு வாரம் மல்லுக்கட்டித் திருத்தி அனுப்பினேன்.

கடலுக்கு அப்பால் இருந்த அந்தப் பொறுப்பாளர், “ஏன் இந்த இடத்தில் இப்படிச் செய்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றேன். வேறு விதமாக எழுதி அனுப்பினேன். மறுபடியும் ஏன். மறுபடியும் மன்னிப்பு. ஆத்திரத்தில் வீட்டுச் சுவரைக் குத்தினேன். விரல் முட்டி பிளந்து சுண்ணாம்பில் இரத்தம் ஒட்டியது.

“ஏன்டா செவுத்த ஒடைக்கிற?” என்று அப்பா சட்டையைப் பிடித்து அறைந்தார். அடுத்த அறை விழுமுன் அவர் கழுத்தைப் பிடித்து அதே சுவரில் சாத்தினேன். கொன்றுவிடும் வெறி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“ஏன் அடிக்கிறீங்க?” என்று கத்தினேன்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினார். “தெரியாம செஞ்சிட்டேங்க.”

பெற்ற மகனுக்கு ‘ங்க’ போட்டார். நான் இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதும் இதைத்தான். என் பிடி தானாக விட்டது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் பொறுப்பாளர் எழுதியிருந்தார்: “பிழை என்று நான் சொல்லவில்லை. எனக்குப் புரியாததால் கேட்டேன்.” நான்கு முறை படித்தேன். பிறகு முதல் திருத்தத்தையே திரும்ப அனுப்பி, ஏன் அப்படிச் செய்தேன் என்று எட்டு வரியில் காரணம் எழுதினேன். மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டார்கள். செய்தி இப்போது ‘உடனே வெளியேறுங்கள்’ என்று முழுதாக வந்தது.

அன்று மாலை அப்பாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கழுத்தில் என் விரல் தடம் இன்னும் கன்றியிருந்தது.

“நான் ஏசலப்பா. எனக்குப் புரியல, அதான் கேக்குறேன். ஏன் அடிச்சீங்க?”

அப்பாவின் கை செத்த இடது காதுக்குப் போனது.

“ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சுங்க” என்றார். “அதான் லேட்டு.”