சந்தியோகு ஸ்பீக்கர் பார்க்கிறார்

நடுவிரலை மடக்கிப் பெட்டியின் முதுகில் மூன்று தட்டு. பிறகு குனிந்து வலது காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிற்பு. பைபர் வள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்க்கிற அதே தட்டுத்தான். "உள்ளுக்குப் பலகை இல்லை, வெறும் காகித மட்டை" என்று சந்தியோகு சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஸ்பீக்கர் விலைப்படாது. மன்னார் பட்டினத்தில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் அப்துல் றசாக், இந்த மனிதரைத் தூரத்தில் கண்டாலே மட்டைப் பெட்டிகளை உள்ளுக்கு எடுத்து வைத்துவிடுவார்.

விடத்தல்தீவில் யார் ஹோம் தியேட்டர் வாங்கினாலும் சந்தியோகுவைக் கூட்டிக்கொண்டுதான் மன்னார்ப் பாலம் தாண்டுவார்கள். மனிதர் இருபத்தாறு வருடச் சுழியோடி. கடலட்டை, சங்கு என்று கடலின் அடியில் கிடப்பதைப் பொறுக்கி மேலே கொண்டுவருவது தொழில். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போட்டபடியே, வருகிற வள்ளம் யாருடையது, எஞ்சின் பதினைந்து குதிரைவலுவா இருபத்தைந்தா, எத்தனை நாளாக எண்ணெய் மாற்றவில்லை என்பது வரை சொல்லுவார். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஸ்பீக்கர் எம்மாத்திரம் என்று ஊர் நினைத்தது. வள்ளங்கள் கரைக்கு வரும் சத்தத்தைப் போனில் பதிந்து வைத்திருக்கிறார். கடையில் அதைத்தான் போடச் சொல்லுவார். "பதினைஞ்சையும் இருபத்தைஞ்சையும் பிரிச்சுக் காட்டாத பெட்டியில படம் பாத்து என்ன பிரயோசனம்?" என்று கேட்பார்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சந்தியோகுவின் இடது காது போய் ஒன்பது மாதம். போன பருவத்தின் கடைசி நாள் மூக்கடைத்த தடிமனோடு கடலில் இறங்கினார். தடிமன் இருந்தால் இறங்கக் கூடாது என்று புதிதாக வருகிறவனுக்கெல்லாம் கெட்ட வார்த்தை சேர்த்துப் படிப்பித்தவரே அவர்தான். ஆனால் அதற்கு முதல்நாள் கடலட்டை குவிந்து கிடக்கிற இடமொன்றைக் கண்டுவைத்திருந்தார். வேறு எவனாவது அள்ளிக்கொண்டு போய்விடுவானே என்று மனம் கேட்கவில்லை. ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில் காதுக்குள் டப்பென்றது. அதோடு அந்தப் பக்கத்து உலகம் வாயை மூடிக்கொண்டது. இது தெரிந்தது அவருக்கும் புனித அந்தோனியாருக்கும் மட்டும். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் என்று பெயரெடுத்த அந்தோனியார், மெழுகுதிரியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறார்.

அன்றிலிருந்து சந்தியோகுவுக்கு இடம் பிடிப்பதே பெரிய வேலை. பஸ்ஸில் இடப்பக்க யன்னல் கரை. கோயிலில் வாங்கின் இடக்கோடி இருக்கை. வீட்டில் மனைவி அஞ்சலா இடப்பக்கம் பாயை விரித்தால், "இஞ்சால வந்து படு, அங்கால நுளம்பு கடிக்கும்" என்று வலப்பக்கம் இழுத்துவிடுவார். அவளோ, மனுசனுக்கு இந்த வயதில் பாசம் பொங்குகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலே வருகிற சுழியோடிக்கு எஞ்சின் எந்தப் பக்கம் இருந்து வருகிறதென்று தெரியாவிட்டால் விசிறி தலையைச் சீவிவிடும். ஒற்றைக் காதனை எந்தச் சம்மாட்டியும் தன் வள்ளத்திலிருந்து கடலில் இறக்கமாட்டான். இறங்காவிட்டால் சந்தியோகு யார்? வள்ளத்தில் குந்தியிருந்து கயிறு பிடிக்கிற கிழவன்.  அடியில் கண்ட சுறாவை விட அந்தக் கயிறுதான் அவருக்குப் பயம்.

இந்த முறை ஸ்பீக்கர் வாங்க வந்தது வேறு யாருமல்ல, அவரைக் கடலில் இறக்குகிற சம்மாட்டி ஜெனிஸ்ரன்தான். முப்பத்திரண்டு வயது, மூன்று வள்ளம், பூச்சு மணம் போகாத புது வீடு. பருவம் திங்கட்கிழமை தொடங்குகிறது. "நாரிப்பிடிப்பு தம்பி, நிமிர ஏலாது, நீர் போய் எடும்" என்று சந்தியோகு சாட்டுச் சொல்லிப் பார்த்தார். "நீங்கள் வராட்டி நான் எடுக்கேல்ல அண்ணை" என்று ஜெனிஸ்ரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றுவிட்டான்.

கடையில், முன்னுக்கு வைக்கிற பெட்டிகளில் சந்தியோகு தப்பிவிட்டார். தட்டி, தூக்கி, வலையைக் கழற்றி, அதிர்கிற வாயில் விரலை வைத்துப் பார்த்தே குணம் சொல்லிவிட்டார். சிக்கல் பின்னுக்கு வைக்கிற இரண்டிலும் வந்தது. றசாக் அவற்றைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தார். விரல் எட்டாது. நடுவில் ஒரு கதிரை.

"இருந்து கேளுங்கோ. ஹெலிகொப்டர்ச் சத்தம் ஒண்டு உங்களைச் சுத்தி வரும். இடமும் வலமும் சரியோ எண்டு சொல்லுங்கோ" என்றார் றசாக்.

ஹெலி சுற்றியது. மற்றவர்களுக்குத்தான் சுற்றியது; சந்தியோகுவுக்கு அது வலது தோளை விட்டு அசையவேயில்லை. சரி என்று சொல்லி, பிறகு இடப்பக்கப் பெட்டி பழுதென்று தெரிந்தால் பெயர் போய்விடும்.

"வலப்பக்கம் அருமை. இடப்பக்கப் பெட்டி செத்துப்போச்சு, றசாக் நானா."

றசாக் ஏணி வைத்து ஏறி இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். ஹெலி மறுபடியும் கிளம்பியது.

"இதுவும் வலப்பக்கம்தான் அருமை. இடப்பக்கம் சீவன் இல்லை."

"இப்ப இடப்பக்கம் இருக்கிறதைத்தானே முந்தி அருமை எண்டு சொன்னீங்க?"

சந்தியோகு வயரைக் குற்றம் சொன்னார். வயர் மாற்றப்பட்டது. கரண்டைக் குற்றம் சொன்னார். கடைசியில் றசாக்கின் வாப்பா கட்டிய சுவரையே குற்றம் சொன்னார். றசாக் ஏணியிலிருந்து இறங்கி ஜெனிஸ்ரனைப் பார்த்தார். ஜெனிஸ்ரன் ஏறி, இடப்பக்கப் பெட்டியின் வாயில் உள்ளங்கையை வைத்தான். அது நன்றாகவே அதிர்ந்துகொண்டிருந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. கரையில் எத்தனையோ தரம் கூப்பிட்டும் அண்ணை திரும்பாமல் போனதைத் தலைக்கனம் என்று நினைத்து ஏசியிருக்கிறான். இறங்கி வந்தவன், எந்தக் காது என்று யோசியாமல், ஏணி நின்ற இடப்பக்கமே கதிரையருகில் நின்றான். கடைக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, திங்கக்கிழமை நீங்கள் தண்ணிக்க இறங்க வேண்டாம். வள்ளத்தில இருந்தாப் போதும்."

சந்தியோகு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, சத்தத்தை அனுபவிக்கிற பாவனையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் நிழலாடியதும், நிறத்தைக் கேட்கிறான் என்று ஊகித்து, "கறுப்பிலயே எடும் தம்பி, ஊத்தை தெரியாது" என்றார்.

றசாக் ஹெலியை நிறுத்தினார்.  ஜெனிஸ்ரன் கதிரையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து குனிந்தான். அவன் முகத்தை அப்போதுதான் சந்தியோகு பார்த்தார். அவன் வாயைத் திறப்பதற்குள், உள்ளங்கையால் வலது காதை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.