ஆண்டவர் சொன்னதாக நான் சொன்னது

ஆண்டவர் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. பேசினார் என்று நான் சொன்னதெல்லாம் பொய்!

பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும் காத்திருப்பு ஜெபம். கண்ணை மூடி, வாயை மூடி, அவர் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டதைச் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் கேட்டது. எனக்கோ ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ் ஹாரன்தான் கேட்டது... நான் என்ன பாவம் செய்தேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி? உபவாசம்கூட இருந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. "இன்னும் கேக்கலையா சிஸ்டர்?" என்று அவர்கள் பரிதாபப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள், "மகளே, கலங்காதே என்கிறார்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அல்லேலூயா என்றார்கள்! அன்றோடு பிடித்துக்கொண்டேன். வேதாகமத் தமிழில் பேசினால் போதும், ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. கொஞ்ச நாளில் என்னைத் தேடி வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். அந்த மரியாதை எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது!

அப்படித்தான் மெர்சி அக்கா வந்தார். எதிர் வீடு. எங்களுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். கணவர் இல்லை, ஒரே மகள் ரூபி. குரோம்பேட்டைத் துணிக்கடையில் தன்னோடு வேலை பார்க்கும் இந்துப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றாள்.

"பையன் நல்லவன்தான்மா. ஆண்டவருக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அக்காவின் முகத்தில் சம்மதம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஓர் ஆமென்தான் தேடி வந்திருந்தார். எனக்கு அது தெரிந்தது! ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு கணக்கு உண்டு... மனசுக்குப் பிடித்ததைச் சொன்னால் அது மாம்சத்தின் சத்தம், நம் சொந்த ஆசை; வலிக்கிறதைச் சொன்னால்தான் ஆண்டவர். என் பெயர் கெட்டுவிடக் கூடாதே! "அந்த வாசலை அடைத்துவிடு என்கிறார்" என்றேன்.

அக்கா அடைத்துவிட்டார். ரூபி பதிவுத் திருமணம் செய்துகொண்டு பள்ளிக்கரணைக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் அம்மா, அம்மா என்று தட்டியபோது அக்கா கதவைத் திறக்கவில்லை. எதிரே என் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானாவது திறந்தேனா? இல்லை.

போன வாரம் அக்கா மறுபடி வந்தார். கையில் ஒரு சின்ன கவுன்.

"பாப்பாவுக்குத் தைச்சேன். அவர் இப்பவாவது இரங்கியிருக்காரான்னு இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்மா."

அக்கா, அது நான் சொன்னது என்று அப்போதே கதறியிருக்க வேண்டும். இன்னொரு பொய் சொல்லியிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்கும்! ஆனால், இனி அவர் பெயரில் பொய் சொல்வதில்லை என்று அன்றைக்குப் பார்த்து எனக்கு நேர்மை வந்தது. கண்ணை மூடி நிஜமாகவே காத்திருந்தேன்...

"ஒண்ணும் சொல்லலைக்கா" என்றேன். அவர் பெயரில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அப்போ முன்னாடி சொன்னதுதான்" என்று அக்கா கவுனை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இன்று கூட்டம் என் வீட்டில். பாய் விரித்துவிட்டேன். எதிர் வீட்டுக் கதவு திறக்கிறது, அக்காவின் செருப்புச் சத்தம் வருகிறது... அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது.