மம்பட்டி என்று கூப்பிடப்பட்டவர்

கள்ளச்சாராயம் எங்கள் ஊரில் தெருத்தெருவாகப் பாடை கட்ட வைத்த வருடம், என் தோழியின் அப்பாவும் இறந்தார். கருணாபுரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் காரியத்துக்கு முன்னும் பின்னும் நான் போய்க்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. துணிக்கடை வேலைக்கும் திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "அவனா குடிச்சான், அவனா செத்தான்" என்றார்கள். மீதிப் பேர், "அவன் இன்னா பண்ணுவான் பாவம், பொழப்பு அப்பிடி" என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் அப்போது தொலைதூரக் கல்வியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்பதைவிடப் பித்து. என்றைக்கோ செத்துப்போன ஜெர்மானியர்கள் என் தலைக்குள் ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களைக்கூட நான் விட்டதில்லை.

ஒரு மாலை அவளே கேட்டாள். "எங்கப்பா மேல நான் கோவப்படணுமாடி, பாவப்படணுமா? உன் வெள்ளக்காரனுங்க இன்னா சொல்றானுங்க?"

ஆரம்பித்துவிட்டேன். மனிதன் சுதந்திரமானவன், செய்ததற்கு அவனே பொறுப்பு, அதனாலேயே அவனை யாரும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்றார் முதலாமவர். இன்னொருவர் நம்மை ஆளாக மதித்தால்தான் நாம் நமக்கே ஆளாகிறோம் என்றார் அடுத்து வந்தவர். அவர் நூல்களில் கற்று அவரையே தலைகீழாக்கிய ஒருவர், பிழைப்புதான் மனிதனை உருவாக்குகிறது என்றார்.

"உங்க வூட்டுக்கு வந்தவங்க பேசுனதும் அதே சண்டைதான்டி. இன்னும் முடியல."

"அந்த நடுவுல இருக்கறவன் சொன்னத திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அதைக் கேட்டதும் அவள், காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னாள். கொத்துக்கரண்டி, மம்பட்டி என்று எல்லாரும் அவரவர் சாமான்களோடு ரோட்டோரம் நிற்பார்கள். மேஸ்திரி வண்டியிலிருந்து இறங்காமலே குரல் கொடுப்பார்: "கரண்டி ஒண்ணு, மம்பட்டி ரெண்டு, ஏறு." நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். காதில் உறுத்தியதே இல்லை.

"எங்கப்பா மம்பட்டிடி. ஆயுசு பூரா. சாராயம் விக்கறவன்தான் அவரப் பேரு சொல்லி, அண்ணேன்னு கூப்புடுவான். சாப்ட்டீங்களாண்ணே, பொண்ணு எப்பிடிக்கீதுன்னு கேப்பான். சின்னதுல ஒரு நா என்னையும் கூட்டிக்கினு போனாரு. பாரு, இங்க எனுக்கு எவ்ளோ மரியாதன்னு காட்டறதுக்கு."

நான் படித்தது உண்மை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவரை ஆளாக மதித்த இடம் வேலைக்கு நின்ற இடம் இல்லை, சாராயம் விற்ற இடம்.

"சொல்லுடி. கோவப்படலாமா?"

"படு. அவர மனுஷனா நெனைக்கறதாலதான கோவம் வருது. மம்பட்டி மேல யாரு கோவப்படுவாங்க?"

எழுந்து, மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"உனுக்கு அறிவிருக்குதா? நான் அப்பான்னு கூப்புட்டது பத்தலியா உனுக்கு?"

அப்புறம்தான் அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து, இருட்டும்வரை அவரைத் திட்டித் திட்டி அழுதாள்.