மோர் ஊற்றாத மோர்க்குழம்பு

தேங்காய் துருவும்போது சொர்ணவல்லி யாரையாவது திட்டிக்கொண்டேதான் துருவுவாள். திட்டு வாங்குகிறவர் எதிரில் இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது கடைத்தெருவில் நின்றுகொண்டிருக்கும் அவள் கணவன் ரெங்கசாமிதான். கோபம் ஏற ஏறக் கை வேகமாகும். பேச்சு முடிவதற்குள் மூடி காலியாகிவிடும்.

கீரமங்கலத்தில் மோர் இல்லாமல் மோர்க்குழம்பு வைக்கிறவள் அவள் ஒருத்திதான். ஊறவைத்த துவரம்பருப்பு, சீரகம், பச்சைமிளகாய், தேங்காய் எல்லாவற்றையும் மையாக அரைத்து, வெந்த வெண்பூசணியில் கரைத்து விடுவாள். ஒரு கொதி வந்ததும் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சட்டியை இறக்குவாள். எலுமிச்சம்பழம் பிழிவது சூடு தணிந்த பிறகுதான். அவசரப்பட்டால் திரிந்துபோகும் என்பதால் சட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, அதையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிழிந்த தோலை வீணாக்காமல் முழங்கையில் தேய்த்துக்கொள்வாள். தாளிப்பது நல்லெண்ணெயில். நெய்ச்சட்டி பரண்மேல் கவிழ்ந்து ஆறு மாதமாகிறது.

காரணம் மாட்டுக்கொட்டிலில் நிற்கிறது.

ஐம்பத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு டீக்கடைக்காரர் கூடுதலாகப் பால் கேட்டார். கன்றுக்கென்று விடும் இரண்டு காம்பை ரெங்கசாமி ஒன்றாக்கினான். பிறகு அந்த ஒன்றையும் கறந்தான். சொர்ணவல்லி சொல்லிப் பார்த்தாள், சத்தம் போட்டாள், ஒரு நாள் கறவைச் செம்பையே பிடுங்கினாள். தை பிறப்பதற்குள் கன்று எலும்பும் தோலுமாகிச் செத்தது. அந்தத் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினான். பசு நக்கிக் கொடுத்தது. மடி சுரந்தது. அவன் உட்கார்ந்து கறந்தான். சொல்லவே வாய் கூசுகிறது. ஊரில் பலரும் செய்வதுதானே என்று அவன் சொன்ன சமாதானம் அதைவிடக் கூசுகிறது.

அன்றோடு பால், தயிர், நெய் எதுவும் அவள் அடுப்படிக்குள் வரவில்லை. "பெத்தவள ஏமாத்திக் கறந்தது என் அடுப்புல ஏறாது. அந்தப் பொம்மையக் கொண்டுபோய்ப் பொதைங்க, அப்பறம் பேசுவோம்" என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். டீக்கடை இருக்கும் பக்கமே நடக்கமாட்டாள். வெயில் கொளுத்தினாலும் எதிர்வாடைதான்.

ஊர் சிரித்தது. வந்தவருக்கு ஒரு வாய் மோர் கொடுக்காத வீடு என்று பேசியது. கன்று செத்தபோது போகாத மானம் ரெங்கசாமிக்கு இப்போது போயிற்று. அரிமளத்திலிருந்து தன் அக்கா கண்ணாத்தாளைக் கூட்டிவந்தான். அந்தக் குடும்பத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் மறுபடி பால் புழங்கவேண்டும், இல்லையென்றால் சொர்ணவல்லி தாய்வீட்டுக்கு நடையைக் கட்டவேண்டும். இதைத் தீர்த்துவைக்கத்தான் அக்கா பஸ் ஏறி வந்திருந்தாள்.

சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணாத்தாள் இலையில் உட்கார்ந்தாள். குழம்பை ஒரு தரம் வாங்கினாள், இன்னொரு தரம் வாங்கினாள், மூன்றாம் தரம் சோற்றில் குழி பறித்து நிறைய ஊற்றச் சொன்னாள். புளிப்பு அளவாக இருக்கிறது, பால் புழங்காத வீட்டில் மோர் ஏது என்று கேட்டாள்.

"மோர் ஊத்தலைங்க அத்தாச்சி. தேங்காப்பாலும் எலுமிச்சையுந்தான்."

கண்ணாத்தாளின் கை இலையிலேயே நின்றுவிட்டது. ரெங்கசாமி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, முகம் சிவந்துவிட்டது.

"இல்லாதத இருக்குன்னு காட்டி என் நாக்கையே ஏமாத்திப்புட்டியே. இதெல்லாம் ஒரு பொழப்பாடி?"

தேங்காய்மூடியோடுகூடச் சண்டை போடுகிற சொர்ணவல்லி கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள். வைக்கோல் கன்றை இடுப்பில் தூக்கிவந்து, கண்ணாத்தாளின் இலைக்கு நேர் எதிரே குச்சிக்கால்கள் ஆடாமல் ஊன்றி நிறுத்தினாள். அதன் நெற்றியில் பசு நக்கிய ஈரம் இன்னும் காயவில்லை.