கைராசிக்காரர் திறந்த வால்வு

ரப்பர் வளையம் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கைராசிக்காரர். தெருவிலும் அதே பெயர்தான். யாராவது புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கினால், முதல் ஸ்விட்சைப் போட அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு, அறுவை சிகிச்சைக்குப் போகிற டாக்டர் முகத்தோடு போய், ஒரு விரலால் தட்டிவிட்டு, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வருவார். ஃபிரிட்ஜ் ஓடும். புது ஃபிரிட்ஜ் ஓடாமல் வேறென்ன செய்யும்?

இப்படி ஊரே மெச்சிய அந்தக் கைதான், பெற்ற மகளின் வாழ்க்கைக்கே உலை வைக்கப் பார்த்தது. பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று அவசரப்பட்டு இரக்கப்படாதீர்கள். தெரிந்தே செய்தார்.

காஸ் கிணறுகளில் பூட்டுகிற பெரிய பெரிய வால்வுகளுக்குள் ரப்பர் வளையங்கள் இருக்கும். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில், உள்ளே இருக்கிற காஸ் வெளியே வராமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். ஆனால் அவ்வளவு அழுத்தத்தில் காஸ் ரப்பருக்குள்ளேயே ஊறிவிடும். அழுத்தம் திடீரென்று இறங்கினால், ஊறிய காஸ் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரிப் பொங்கி, ரப்பரை உள்ளிருந்தே கிழிக்கும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே பிளந்து கிடக்கும். எந்த வளையம் தாங்கும், எது கிழியும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான் டெஸ்ட் ரூம். தடித்த இரும்புக் கலத்துக்குள் வளையங்களைப் போட்டு, காஸை ஏற்றி, சூட்டில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்க வேண்டும். ஒரு நாள் ஆறவிட்டு, வளையத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். கீறல் இல்லையென்றால் பாஸ்.

அந்த டெஸ்ட் ரூமில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் விதிப்படிதான் வால்வைத் திறந்தார். யானை காதருகே வந்து சீறினாற்போல் ஒரு சத்தம். அடுத்த நொடி அவர் மேஜைக்கு அடியில் இருந்தார்.

"வெளிய வாங்க சார், காஸ் எப்பவோ போயிடுச்சு. நீங்கதான் இன்னும் உள்ளேயே இருக்கீங்க" என்று குனிந்து பார்த்துச் சிரித்தார் வெல்டர். தொழிற்சாலையே சிரித்தது.

அன்றோடு அந்த வழக்கத்துக்கு அவர் முழுக்குப் போட்டார். வால்வை நூலளவு திறந்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். அவர் டீ குடித்து, பேப்பர் படித்து, பல் குத்தி முடிப்பதற்குள் காஸ் சத்தமில்லாமல் கசிந்து போயிருக்கும். ரப்பருக்குள் ஊறியதும் பதமாக வெளியேறியிருக்கும். திரும்பி வந்து, 'விதிப்படி இறக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் வெட்டிப் பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. முன்பெல்லாம் பாதிக்குப் பாதி தேறாமல் போன வளையங்கள், அவர் கை பட்டதும் வரிசையாகப் பாஸாயின.

"உங்க கை ராசியான கைய்யா!" என்று மேனேஜர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டப்பெயர் அன்றைக்குப் பிறந்தது.

ஆரம்பத்தில் அவரே அதை நம்பியிருக்கலாம். அந்த அளவுக்கு வேண்டுமானால் சலுகை கொடுப்போம். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அவர் லீவு போட்டபோது, அவருக்குப் பதிலாக ஒரு பெண் தற்காலிகமாக வேலைக்கு வந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். அவள் வால்வை எப்படித் திறக்க வேண்டுமோ அப்படித் திறந்தாள். வளையங்கள் அத்தனையும் உள்ளுக்குள் சிதறியிருந்தன. லீவு முடிந்து வந்தவரிடம், வெட்டிய துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"சார், நான் விதிப்படிதான் சட்டுன்னு இறக்கினேன். இவ்வளவு கீறல் விழுது. நீங்க எப்படி சார் இறக்குவீங்க?"

அந்தக் கணம் அவருக்கு எல்லாம் புரிந்தது. முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"எல்லாருக்கும் கை ஒரே மாதிரி அமையாதும்மா."

மேனேஜர் அவளை ராசியில்லாதவள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, கண் கலங்கி வாசலைத் தாண்டிப் போனதை நம் கைராசிக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? வால்வை நூலளவு திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மகளைக் கட்டிய மாப்பிள்ளை காஸ் கிணற்றில் ஃபிட்டர். வால்வுகளைப் பூட்டுவதும், அழுத்தம் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும் அவன் வேலை. மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிற பையன். ஒரு விடுமுறை நாளில், ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவியைக் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வந்தான். மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்.

"மாமா, ஒரு நல்ல சேதி. எங்க சைட்ல புது வால்வுக்கெல்லாம் உங்க கம்பெனி ரிங்குதான். டெஸ்ட் பண்ணது யாருன்னு பேப்பர்ல பார்த்தேன், உங்க கையெழுத்து! எங்க மாமனாராக்கும்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்."

கைராசிக்காரரின் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது.

"காஸ்... விட்டாச்சா?"

"வர்ற வாரம்தான் மாமா. முதல்ல ஏத்தி ஊறவிட்டு, அப்புறம் ஒரே மூச்சுல இறக்கிப் பார்ப்போம். எமர்ஜென்சி வந்தா அப்படித்தானே இறக்கணும்? வால்வுகிட்ட நிக்கப்போறது அய்யாதான்!"

"நீங்க நிக்க வேண்டாம் மாப்பிள்ளை."

"பின்ன யாரு, நீங்க வந்து நிக்கிறீங்களா?" என்று அவன் சிரித்தான்.

மாமனார் சிரிக்கவில்லை. "அந்த வேலையே வேண்டாம், விட்டுடுங்க. எங்க ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு. ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்கலாம்."

"உக்காந்தே இருக்கறதுக்கு நான் என்ன முட்டையா அடைகாக்கறேன்? போங்க மாமா."

சொல்லிப் பலிக்கவில்லை என்றதும் கைராசிக்காரர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்து, "ஐயோ, நெஞ்சு..." என்று முனகினார். "மாப்பிள்ளை ஒரு மாசம் இங்கயே இருக்கட்டும்... நான் பொழைக்கறது கஷ்டம்..."

மகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மாப்பிள்ளை ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினான். கைராசிக்காரரின் மனைவி மட்டும் சமையலறை வாசலில் அப்படியே நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

"ஏங்க, நெஞ்சு இடது பக்கம் இருக்கு. நீங்க வலது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க."

கை மெதுவாக இடம் மாறியது.

"இப்ப உண்மையச் சொல்றீங்களா, இல்ல நிஜமாவே வலி வர்ற மாதிரி ஏதாவது பண்ணட்டுமா?"

அவர் சொன்னார். அதையும் நூலளவாகத்தான் சொன்னார். முதலில் ரிங்கில் சின்னச் சந்தேகம் என்றார். அவள் முறைத்தாள். எல்லா ரிங்குமே சந்தேகம்தான் என்றார். அவள் முறைத்தபடியே நின்றாள். கடைசியில் கேன்டீனும் டீயும் வெளியே வந்தன.

"அதனாலதான் சொல்றேன், மாப்பிள்ளைய மட்டும் எப்படியாவது அங்கேர்ந்து எடுத்துடலாம். விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

"அவர் இடத்துல வேற யாராவது நிப்பாங்களே?"

"அவங்க யாரோ."

கேட்டீர்களா? அவங்க யாரோ! அந்த யாரோவுக்கும் ஒரு வீடு உண்டு, வாசலையே பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பது அந்த மனிதர் நெஞ்சில் உறைக்கவே இல்லை. நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவருக்கு எப்படி உறைக்கும்?

கதவருகே நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, அழாமல், நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, இவர் மட்டும் வேற கம்பெனி ரிங்கு போடற சைட்ல இருந்திருந்தா, நீங்க இன்னிக்கு ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டிருப்பீங்க இல்ல?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோவில் மாமனாரை ஏற்றவில்லை. மகள் சொன்னதைக் கேட்ட மாப்பிள்ளை, அதே ஆட்டோவில் நேரே தன் சைட்டுக்குப் போனான். காஸ் விடுவதை நிறுத்தச் செய்தான். பூட்டிய வளையங்களைக் கழற்றச் செய்தான். மறுநாள், மிச்சமிருந்த புது வளையங்களோடும் தன் சூப்பர்வைசரோடும் மாமனாரின் டெஸ்ட் ரூமுக்கே வந்து இறங்கினான்.

வளையங்கள் மறுபடி கலத்துக்குள் போயின. காஸ் ஏறியது, ஊறியது. இறக்க வேண்டிய நாளில் மேனேஜர், சூப்பர்வைசர், வெல்டர், மாப்பிள்ளை எல்லோரும் சுற்றி நின்றார்கள். மேனேஜருக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை.

"நம்மாளு கை வச்சா போதும், பாருங்க" என்றார்.

கைராசிக்காரர் வால்வைப் பிடித்தார். கை பழக்கப்படி நூலளவு திருப்பியது.

"மாமா, முழுசா" என்றான் மாப்பிள்ளை.

"பண்றேன் மாப்பிள்ளை, மெஷினுக்குக் கொஞ்சம்..."

"முழுசா மாமா!"

திறந்தார். யானை சீறியது. பயந்து ஒதுங்கியவர் முதுகு பின்னாலிருந்த மேஜையில் இடித்தது. நல்லவேளை, அடியில் போகவில்லை. வயதாகிவிட்டது, குனிய முடியவில்லை.

ஆறவிட்ட வளையங்களை மறுநாள் வெளியே எடுத்தபோது அவருக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு வளையத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "பார்த்தீங்களா? ஒரு பொட்டு இல்ல. கண்ணாடி மாதிரி பளபளக்குது! வீணா சந்தேகப்பட்டு..."

"வெட்டுங்க" என்றான் மாப்பிள்ளை.

அவர் வெட்டினார். பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. பளபளத்த தோலுக்கு உள்ளே ரப்பர் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து, பூச்சி தின்ற பழம் மாதிரி இருந்தது. அடுத்ததை வெட்டினார். அதுவும் அப்படியே.

இதற்குப் பிறகாவது அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கடைசித் துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"இன்னிக்கு நேரம் சரியில்ல."

வேலையிலிருந்து அவரைத் துரத்தவில்லை. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டார்கள். அவர் பாஸ் போட்டு அனுப்பிய பழைய வளையங்களை மாப்பிள்ளையும் கம்பெனி ஆட்களும் சைட் சைட்டாகப் போய்க் கழற்றி எடுத்தார்கள். ராசியில்லாதவள் என்று அனுப்பப்பட்ட பெண்ணைத் தேடிப் பிடித்து மேனேஜரே டெஸ்ட் ரூமில் உட்கார வைத்தார். இப்போது அந்த அறையில் அடிக்கடி யானை சீறுகிறது. நிறைய வளையங்கள் பெயிலாகின்றன. ரப்பர் கலவையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பேக்கிங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நம் ஆள் பசையைத் தடவியபடி சொல்கிறார்: "இத்தனை வருஷத்துல நான் பாஸ் போட்ட ரிங்கு சைட்ல ஒண்ணாவது வெடிச்சிருக்கா, கேட்டுப் பாருங்க." வெடிப்பதற்கு முன்னால் யார் தேடித்தேடிக் கழற்றினார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்.

பேரன் பிறந்துவிட்டான். மகள் போனில் அம்மாவோடு மட்டும் பேசுகிறாள். பாட்டி ஆகிவிட்ட மனைவி போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருகிறாள். ராசியான கையில் மட்டும் அவனை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டம்மா புது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

"அண்ணா, முதல் தடவை நீங்க போட்டுக் கொடுங்களேன்."

கைராசிக்காரர் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அந்தப் பழைய டாக்டர் களை வந்தது. மிக்ஸியின் திருகை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, ஒன்றாம் எண்ணுக்குக் கொண்டுபோனார். மிக்ஸி முனகியது.

"நேரா மூணுல வைங்க" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. "வெடிக்கிறதா இருந்தா இப்பவே வெடிக்கட்டும். வாரண்டி இருக்கு."

ஜாரில் எதுவுமே போடவில்லை, வெறும் காற்றுதான். ஆனாலும் அவர் விரல் ஒன்றைத் தாண்டவில்லை.

மனைவி கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவர் கையை ஒதுக்கிவிட்டு, திருகை ஒரே திருப்பாகத் திருப்பினாள். மிக்ஸி வீறிட்டது. பக்கத்து வீட்டம்மா சிரித்தாள். கைராசிக்காரர் சுவரோரமாகப் போய் நின்றிருந்தார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.